பூட்டிய திரியும் இடியப்ப மாவும்

இணைய விவாதக் களங்களை நடத்துகிறவர்களில் ஒரு வகையினரை எனக்குப் பிடிக்காது. பழைய உரையாடல் திரி ஒன்றில் யாராவது ஒரு வரி எழுதினால் போதும், வீட்டுக்குள் பாம்பு புகுந்ததுபோலத் துள்ளி எழுந்து, "பழைய திரி. பூட்டப்படுகிறது" என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவார்கள். ஒரு வேலையும் நடந்திருக்காது. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்ற முகம் இருக்கும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், காணிப் பிரிவில் நான் இருந்த காலத்திலும் இப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. எங்கள் களத்தில் அதை இலவசமாகச் செய்தார்கள்.

களம் தொடங்கியது 2009இல். ஊரில் எல்லாம் முடிந்த பிறகு, பேசாமல் இருக்க முடியாதவர்களும் பேச ஆளில்லாதவர்களுமாக வந்து சேர்ந்த இடம் அது. சுவிஸ் முழுவதும் இருந்து எழுதினார்கள். அடுத்த வருடம் நான் பேர்ன் மருத்துவமனை ஒன்றின் பண்டகசாலையிலிருந்து ஓய்வு பெற்றேன். படிவங்களும் விதிகளும் தெரிந்தவன், வேலை வெட்டி இல்லாதவன் என்ற இரண்டு தகுதிகளையும் கண்டு, சட்ட உதவிப் பகுதிக்கு என்னைப் பதிவுகளைக் கவனிக்கும் மட்டுறுத்துனர் ஆக்கினார்கள். விசா, குடும்பத்தை அழைத்தல், குடியுரிமை எல்லாம் என் தலையில் விழுந்தன.

ஒருவர் கேள்வி எழுதுவார், மற்றவர்கள் அதன் கீழ் பதில் எழுதுவார்கள். அந்தத் தொடரைத் திரி என்றோம். எந்தத் திரியில் கடைசியாக ஒருவர் எழுதினாரோ அது பட்டியலின் உச்சிக்கு வரும். அதனால் பல வருடங்களாகத் தூங்கிய திரிகூட ஒரு "நன்றி அண்ணை"யோடு எழுந்து வந்து வாசலில் நிற்கும். 2010இல் கொழும்பு விமானச் சீட்டு விலை கேட்ட திரியில் 2014இல் ஒருவர் வந்து, "இப்பவும் இந்த விலைதானோ?" என்று கேட்பார். அந்த விமான நிறுவனமே அதற்குள் மூடப்பட்டிருக்கும்.

இதில் பழைய திரிகளைப் பூட்டிய எங்கள் கள நிர்வாகியின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை துயர் பகிர்வுப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், நாலு வருடத்துக்கு முன் இறந்துபோனவரின் திரியில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுதிவிட்டார். திரி உச்சிக்கு வந்தது. எங்கள் ஆட்கள் திகதி பார்க்கிற வழக்கம் இல்லாதவர்கள். செத்தவீடு என்றால் முதலில் அனுதாபம், பிறகுதான் யார் என்ற விசாரணை. அன்று பின்னேரத்துக்குள் அந்த மனிதர் இரண்டாவது தடவையும் செத்துப்போனார். பேர்னை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் தெருவில்தான் அவருடைய மனைவி இருந்தார். துக்க வீட்டில் அடுப்பெரியாது என்று சமைத்த சாப்பாட்டோடு இரண்டு குடும்பங்கள் அவர் கதவைத் தட்டியிருக்கின்றன. அவர் முதியோர் இல்லத்து வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாராம். அடுத்த நாள் பேருந்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட களத்தில அவரைத் திரும்பவும் சாகடிச்சுப் போட்டீங்களாமே?"

"அது என்ர பகுதி இல்லை, அக்கா."

"எந்தப் பகுதி எண்டாலென்ன? வந்தவை அழுதுகொண்டு நிக்கினம். நான்தான் அவைக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பினனான்."

அதற்குப் பிறகுதான் விதி வந்தது. ஒரு வருடம் பதில் இல்லாத திரியில் யாரும் எழுதக் கூடாது, எழுதினால் பூட்டு. பூட்டுகிற உரிமையும் திறக்கிற உரிமையும் நிர்வாகிக்கு மட்டும்.

நிர்வாகி வில் நகரத்தில் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் சிப்ட் வேலை செய்தார். களத்தைக் கட்டியதும் அவர்தான். கணினி திருத்துகிறவர்களின் ஆங்கிலக் களங்களில் பழகி, அங்கே பழைய திரியைக் கிண்டுவதைப் பிணம் தோண்டுவது என்று சொல்வார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அதை ஏதோ வேதவாக்குப்போல எங்களுக்குக் கொண்டுவந்தார். கணினித் தாய்ப்பலகை பற்றிய கேள்வி மூன்று வருடத்தில் செத்துப்போகும், ஒத்துக்கொள்கிறேன். பலகையே குப்பைக்குப் போய்விடும். ஆனால் விசாவைப் பற்றிய கேள்வி, விசா இல்லாத ஒருவர் இருக்கும்வரை உயிரோடு இருக்கும். இந்த வித்தியாசத்தை நான் அவருக்கு மூன்று விதமாக எழுதி அனுப்பினேன். துயர் பகிர்வை மட்டும் பூட்டுங்கள். கேள்வித் திரியில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒருவர் எழுதினால், இடையில் "இதற்கு மேலே உள்ளவை பழையவை" என்று ஒரு கோடு விழச் செய்யுங்கள். பிழையாகிப்போன பதிலின் தலையில் அது எந்த வருடம்வரை சரி என்று எழுதுங்கள். அவ்வளவு போதும் என்றேன்.

"அண்ணை, நீங்கள் கந்தோர் மாதிரி யோசிக்கிறீங்கள்" என்று பதில் வந்தது. உண்மையில் அரசாங்க அலுவலகக்காரனைப்போலப் பூட்டுகிற வேலையைச் செய்துகொண்டிருந்தவர் அவர்தான்.

அவருக்கு ஒரு விஷயம் விளங்கவே இல்லை. எங்கள் ஆட்கள் சட்ட உதவிப் பகுதியில் புதுத் திரி திறக்க மாட்டார்கள். புதுத் திரி திறந்தால் பட்டியலின் உச்சியில் கேள்வியும் கேட்டவரின் புனைபெயரும் நிற்கும். புனைபெயர் என்பது எங்களிடையே இரண்டு மாதத்துக்குத்தான் தாங்கும். பிறகு யார், எந்த ஊர், யாருடைய மச்சாள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அடுத்த கல்யாண வீட்டில் பந்தியில் இருக்கும்போது பக்கத்து இலையிலிருந்து, "இன்னும் பி தானாமோ?" என்று ஒரு குரல் வரும். வருடா வருடம் புதுப்பிக்கிற பி அனுமதிக்கும் நிரந்தரமான சி அனுமதிக்கும் இடையில் எங்கள் சமூகம் ஒரு சாதியையே உண்டாக்கி வைத்திருந்தது. ஆகவே கேள்வி உள்ளவர்கள் யாரோ எப்போதோ கேட்ட கேள்வியின் கீழே வந்து, "எனக்கும் இதே கேள்வி" என்று எழுதி ஒதுங்கி நிற்பார்கள். இன்னும் பயந்தவர்கள், "தெரிஞ்ச ஒராளுக்காகக் கேக்கிறன்" என்பார்கள். பழைய திரி அவர்களுக்கு முக்காடு. அந்த முக்காட்டை இழுத்துவிட்டுத்தான் நிர்வாகி ஒழுங்கு நாட்டினார்.

2017 இலையுதிர்காலத்தில் லோசானிலிருந்து ஒரு பெண் எழுதினார். மட்டக்களப்புப் பக்கம். மருத்துவமனையில் துப்புரவு வேலை. பி அனுமதியோடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று 2010இல் யாரோ தொடங்கிய திரியின் அடியில், "எனக்கும் இதே கேள்வி. பி இருக்கு. சி வர இன்னும் வருசம் எடுக்கும். இப்ப போடலாமா, இல்லாட்டி இருக்கட்டா?" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்விக்கு அந்த வருட முடிவுவரைதான் உயிர் இருந்தது. புதுச் சட்டம் 2018 தொடக்கத்திலிருந்து சி உள்ளவர்களை மட்டும்தான் ஏற்கும். அதற்கு முன் கொடுத்த விண்ணப்பம் பழைய சட்டப்படியே பார்க்கப்படும். பேர்ன் போன்ற சில கன்டோன்கள், அதாவது மாநிலங்கள், ஏற்கெனவே சி கேட்டன. லோசான் இருக்கிற கன்டோனில் அந்த மார்கழி, அதாவது டிசம்பர், முடியும்வரை பி போதும். இப்போது போட்டால் போட்டதுதான். விட்டால் அவர் சி வரும்வரை வருடக்கணக்கில் நிற்கவேண்டும். அதற்குள் வேலை போகலாம், உதவிப்பணம் எடுக்க நேரலாம், கணக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்கலாம்.

நான் காலையில் களத்தைத் திறந்தபோது அவருடைய கேள்விக்குக் கீழே இரண்டு பதில்கள் இருந்தன. "தேடிப் பாக்கத் தெரியாதோ?" என்று ஒன்று. "2010இல கேட்டவருக்கு இப்ப பேரப்பிள்ளையும் பிறந்திருக்கும், இப்ப வந்து நிக்கிறா" என்று இன்னொன்று. அவற்றின் கீழே நிர்வாகியின் வழக்கமான "பழைய திரி. பூட்டப்படுகிறது. புதுத் திரி திறக்கவும்" என்ற வரியும் பூட்டும். அதைவிட மோசமானது அவர் கேள்விக்கு மேலே இருந்தது. 2012இல் நிர்வாகியே, நிர்வாகியின் பதிவு என்று காட்டும் பச்சைப் பட்டையோடு, எழுதிய பதில்: "அவசரப்பட வேண்டாம். சி வரும்வரை காத்திருந்து போடுவதே பாதுகாப்பு. சட்டம் எங்கும் ஓடிப்போகாது." அந்தத் திரியின் கடைசி ஆலோசனை அதுதான். பூட்டியதால் இனி என்றைக்கும் அதுதான். பழைய திரியைப் பூட்டினால் பழைய தகவல் ஒழியும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பூட்டு பழைய பதிலுக்குக் காவல் நிற்கிறது, திருத்துகிறவனை வெளியே நிறுத்துகிறது.

வில்லுக்கு, நிர்வாகிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்ன அண்ணை, ஏழு வருசத்துத் திரியைக் கிண்ட விட்டிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்?"

"ஒரு மனுசி கேள்வி கேட்டிருக்கிறா, தம்பி. பூட்டைத் திறவும்."

"புதுத் திரியில கேக்கட்டுமன். அதுக்குத்தானே எழுதி விட்டிருக்கிறன்."

"திறக்க மாட்டா."

"ஏன், கையில்லையோ?"

"கை இருக்கு. வெக்கமும் இருக்கு. உமக்கு ரெண்டாவது இல்லாதபடியால் விளங்காது."

"விதி எண்டா விதிதான். உங்களுக்காகத் திறந்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம்."

"நிக்கட்டும். பின்ன ஏன் களம் வைச்சிருக்கிறீர்? கிளிக்குஞ்சு வளக்கவோ?"

"உங்களுக்கு மனுசியைப் பற்றிக் கவலை இல்லை அண்ணை. நான் எழுதினது பிழை எண்டு எல்லாருக்கும் காட்டவேணும். அதுதான் உங்கட குத்தல்" என்றார்.

"நீர் எழுதேக்க சரி. இப்ப பிழை. இதில வெக்கப்பட என்ன கிடக்கு?"

"நான் சிப்டுக்குப் போறன்" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்குத் தனிமடல் போடப் பார்த்தேன். போகவில்லை. புது உறுப்பினருக்குக் குறிப்பிட்ட அளவு பதிவுகள் ஆனபிறகுதான் தனிமடல் வசதி. அதுவும் நிர்வாகியின் விதி. சரியென்று நானே புதுத் திரி ஒன்று திறந்தேன்: "பி அனுமதியோடு குடியுரிமை: இந்த வருட முடிவுக்குள்." மத்தியானம் பார்த்தால் அதற்கும் பூட்டு. "இதே தலைப்பில் ஏற்கெனவே திரி உள்ளது" என்று எழுதி, பூட்டிய பழைய திரிக்கு இணைப்பும் கொடுத்திருந்தார். பழையது என்பதால் பழைய திரிக்குப் பூட்டு. பழையது இருப்பதால் புதிய திரிக்குப் பூட்டு. கச்சேரியில் இப்படி ஒரு சுற்றை உண்டாக்குவதற்குக் குறைந்தது இரண்டு திணைக்களங்கள் வேண்டும். இவர் தனியாளாக, சாப்பாட்டு இடைவேளையில் செய்துவிட்டார்.

இனி விதிக்குள்ளே வழி தேடுவதுதான் மிச்சம். அது எனக்குத் தெரிந்த வேலை. அந்தப் பெண் வேறு எங்காவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தார். சமையல் பகுதியில் "இடியப்பம் ஏன் கல்லாகுது?" என்ற திரி. அதுவும் 2010இல் தொடங்கியதுதான். இந்த நாட்டு அரிசி மாவில் பிழிந்தால் இடியப்பம் ஆறியவுடன் கம்பியாகிவிடும் என்ற முறைப்பாடு. ஊரிலிருந்து கல்யாணம் முடித்து வருகிற ஒவ்வொரு பெண்ணும் முதல் மாதத்திலேயே இந்த உண்மையைக் கண்டுபிடித்து, அந்தத் திரியைத் தட்டி எழுப்புவாள். இரண்டு வருடம் தூங்கியிருக்கும், எழும்பும், மறுபடி தூங்கும். அங்கே ஒருவரும் பிணம் தோண்டுகிறாய் என்று சொன்னதில்லை. பூட்டும் விழுந்ததில்லை. ஏனென்றால் நிர்வாகியின் மனைவி வாசிக்கிற ஒரே பகுதி அது. லோசான் பெண் இரண்டு வாரத்துக்கு முன் அங்கே, மாவை அவித்து அரித்துப் பிறகு கொதிதண்ணீர் விடச் சொல்லி எழுதியிருந்தார்.

அவருடைய பதிவின் கீழே நான் எழுதினேன். "லோசான் தங்கச்சிக்கு. மா அவிப்பது பற்றி நீங்கள் சொன்னது சரி. மற்றக் கேள்விக்குப் பதில்: காத்திருக்க வேண்டாம். இந்த வருடம் முடிவதற்குள் விண்ணப்பம் அலுவலகத்தின் கையில் இருக்கவேண்டும். உங்கள் கன்டோனில் அதுவரை பி போதும்." பிறகு வேண்டிய பத்திரங்களையும் எழுதினேன்.

அன்று முழுவதும் எனக்கு அடி விழுந்தது.

"அண்ணை, இனி இடியப்பத்துக்கும் நேர்முகப் பரீட்சை வைக்கப்போகினமோ?"

"மா அவிக்கிற பானையில சட்டம் அவியுது. ஆரும் மூடியைத் திறவாதேங்கோ."

"பாவம், ஓய்வெடுத்த மனுசன். மனுசி அடுப்படிக்குள்ள விடுறேல்லை போல."

இவை எல்லாவற்றுக்கும் கீழே அந்தப் பெண்ணின் வரி இருந்தது. "அண்ணா, கண்டுட்டன். மற்றதில பூட்டிட்டாங்க எண்டு பேசாம இருந்தன். இங்கயே கேக்கலாமா?"

"கேளும் தங்கச்சி" என்றேன்.

கேட்டார். பிரெஞ்சு எழுத்துப் பரீட்சை உண்டா, வேலையிடத்துக் கடிதம் வேண்டுமா, பிறப்புப் பத்திர மொழிபெயர்ப்பை யார் செய்யலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் நினைக்காத ஒன்றும் நடந்தது. மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். என்னைக் கிண்டல் செய்த அதே பெண்கள், நேரடியாகக் கேட்காமல், ஒரு பிடி மாவைத் தூவிவிட்டுக் கேட்டார்கள். "சிவப்பரிசி மாவுக்கும் கொதிதண்ணிதானே? அதோட அண்ணை, தெரிஞ்ச ஒராள், பேர்ன்ல இருக்கிறா, அவவுக்கும் பி போதுமோ?" நானும் அதே ஒழுங்கில் பதில் சொன்னேன். சிவப்பரிசி மாவுக்குத் தண்ணீர் கொஞ்சம் கூட வேண்டும், பேர்னில் அந்தக் கதவை முந்தியே சாத்திவிட்டார்கள். சட்ட உதவிப் பகுதியில் பல வருடமாக இருந்தும் இவ்வளவு நேர்மையான கேள்விகளை நான் கண்டதில்லை.

மார்கழி நடுவில் நிர்வாகி கண்டுபிடித்தார். லோசான் பெண் அப்போது கடைசிக் கேள்வியைக் கேட்டிருந்தார். சுவிஸுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் இருந்த காலத்துக்கும் அந்த ஊரின் வதிவிடச் சான்று வேண்டுமா என்பது. வேண்டும். அது இல்லாவிட்டால் விண்ணப்பத்தை முழுமையில்லை என்று திருப்பிவிடுவார்கள். அஞ்சலில் எடுக்க நாளாகும், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விடுமுறையும் முன்னால் நின்றது. நான் பதில் எழுத உட்கார்ந்தபோது திரியின் தலையில் பூட்டு. "தலைப்புக்குப் புறம்பான பதிவுகள். மூடப்படுகிறது."

அவர் செய்த பிழை அதுதான். சட்ட உதவிப் பகுதியை வருடக்கணக்கில் பூட்டிக்கொண்டிருந்தார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இடியப்பத்தைப் பூட்டியவுடன் ஜெனீவாவிலிருந்து வில்வரை பெண்கள் தொலைபேசியைக் கையில் எடுத்தார்கள். எல்லா அழைப்பும் போய்ச் சேர்ந்த இடம் நிர்வாகியின் வீடு, அவருடைய மனைவியிடம். அந்த அம்மா என்ன சொன்னார் என்பதை அழைத்தவர்களில் ஒருவர் எனக்குச் சொன்னார்.

"'திரியைத் திறவுங்கோ. இல்லாட்டி நாளையில இருந்து நீங்களே பிழிஞ்சு நீங்களே தின்னுங்கோ' எண்டு சொல்லிப்போட்டாவாம், அண்ணை."

"அவர் என்ன சொன்னவராம்?"

"விதி எண்டு தொடங்கினவராம். 'உந்த விதியை வைச்சுக் குழைச்சுச் சாப்பிடுங்கோ' எண்டாவாம்."

பூட்டு திறந்தது. "இங்கே சமையல் தவிர வேறு எதுவும் எழுதப்படக் கூடாது, மீறுவோர் நீக்கப்படுவர்" என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. நான் பதிலை எழுதினேன். முகாம் இருந்த ஊருக்கு இன்றே தொலைபேசி எடுத்து அவசரம் என்று சொல்லுங்கள், சான்றை நேரே போய் எடுங்கள், அஞ்சலை நம்பவேண்டாம். நிர்வாகி என் பதிவை அழித்தார். அதற்குள் ஒரு பெண் அதைப் பிரதி எடுத்து, "எங்கட மச்சாள் அனுப்பின மா அவிக்கிற முறை" என்று தலைப்புப் போட்டு ஒட்டிவிட்டார். அதையும் அழித்தார். இன்னொருவர் ஒட்டினார். அவர் வேலைத்தளத்தில் இயந்திரத்துக்கு முன் நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் அழித்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். அவருக்கு எதிராக வீட்டில் இருந்து ஒட்டியவர்கள் பலர். கடைசியில் லோசான் பெண், "கண்டுட்டன் அண்ணா, நாளைக்கு லீவு போட்டுட்டுப் போறன்" என்று எழுதிய பிறகுதான் ஒட்டுவது நின்றது.

அன்றே என்னை நீக்கினார். காரணம்: தலைப்புக்குப் புறம்பாக எழுதுதல், மட்டுறுத்துனர் பொறுப்பைத் துஷ்பிரயோகம் செய்தல். இரண்டும் உண்மை. நான் மேன்முறையீடு செய்யவில்லை. செய்தால் அதை விசாரிக்கிறவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு உறுப்பினர் அல்லாத பார்வையாளனாகத்தான் களத்தைப் பார்த்தேன். நத்தாருக்கு முந்திய வாரம் இடியப்ப மாத் திரியில் லோசான் பெண்ணின் பதிவு வந்தது. "குடுத்திட்டன். எல்லாம் சரியெண்டு எழுதித் துண்டு தந்தாங்க." அதற்குக் கீழே ஒருவர், வறுத்த மாவில் பிழியலாமா என்று கேட்டிருந்தார்.

பிறகு திரி தூங்கிவிட்டது. சட்ட உதவிப் பகுதியில் பச்சைப் பட்டைப் பதில் இன்னும் பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. குடியுரிமை என்று தேடினால் முதலில் அதுதான் வந்தது. அதை நம்பிக் காத்திருந்து சட்டம் மாறிய பிறகு விழித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு அங்கே எழுத இடம் இல்லையே.

2019 முடிவில் ஒருநாள் மாத் திரி மறுபடி உச்சிக்கு வந்திருந்தது. லோசான் பெண் எழுதியிருந்தார். "அண்ணா, நீங்க இப்ப இங்க இருக்கீங்களோ தெரியாது. எனக்கும் மகளுக்கும் கிடைச்சிட்டு. நேத்து சத்தியம் செஞ்சு வந்தம்."

அதற்குக் கீழே முதல் வாழ்த்து நிர்வாகியுடையது. "மிக்க மகிழ்ச்சி சகோதரி. எமது களத்தின் சட்ட உதவியால் பயனடைந்த இன்னுமொரு உறவு." பச்சைப் பட்டையோடு.

இரண்டு தடவை வாசித்தேன். பதில் எழுதுகிற பெட்டி பார்வையாளருக்குக் கிடையாது. அடுப்படியில் நின்ற மனைவி, என்ன சிரிக்கிறீங்கள் என்று கேட்டாள். லோசானில் ஒரு மனுசிக்குப் பாஸ்போட் கிடைச்சிட்டுது என்றேன். "ஆர், எங்கட சொந்தமோ?" என்றாள். இல்லை, இடியப்பத்தில் பழக்கம் என்றேன்.